பெஞ்சு வாங்கும்போது குனிந்து அடியைப் பாருங்கள்: வீட்டு பெஞ்சுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெஞ்சு வாங்கப் போகிறவர் முதலில் மேல்பலகையைத் தட்டிப் பார்க்கிறார். அப்புறம் உட்கார்ந்து பார்க்கிறார். பாலிஷ் வழவழப்பாக இருக்கிறதா என்று கையால் தடவிவிட்டு விலை பேச ஆரம்பித்துவிடுகிறார். குனிந்து அடியைப் பார்ப்பவர் மிகக் குறைவு. யாங்கோன் போல மழை கொட்டும் ஊரில் இதுதான் மூத்த தவறு. மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடுவதில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மௌல்மேன் பக்கம் அதைவிடவும் அதிகம். இந்த ஈரத்தில் ஒரு பெஞ்சு பெரும்பாலும் காலிலிருந்துதான் கெட ஆரம்பிக்கிறது. உட்காரும் பலகை நன்றாகவே இருக்கும். கால் மட்டும் உளுத்துப் போயிருக்கும்.

தேக்கு என்ற பெயரை மட்டும் நம்புவது

பர்மாவில் இருந்துகொண்டு தேக்கைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அந்த நம்பிக்கைதான் கடையில் நம்மை ஏமாற வைக்கிறது. தேக்கின் பெருமையெல்லாம் அதன் வைரத்தில் இருக்கிறது. மரத்தின் நடுவே பொன்பழுப்பாக இருக்கும் அந்தப் பகுதியில்தான் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கறையான் ஒதுங்குவதும் மழை தாங்குவதும் அதனால்தான். வைரத்தைச் சுற்றி வெளிர் மஞ்சளாக இருக்கும் பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. வண்டும் கறையானும் அதைச் சாதாரண மரம்போலவே தின்னும். வயது முதிராமல் வெட்டிய மரத்தில் வைரம் குறைவு, வெளிர்ப் பகுதி அதிகம். சாயம் பூசி பாலிஷ் போட்டுவிட்டால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். "தேக்குதான்" என்று கடைக்காரர் சொல்வதும் பொய்யாக இருக்காது.

ஆகவே பெஞ்சைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். உட்காரும் பலகையின் அடிப்பக்கத்திலும் கால்களின் வெட்டுமுகத்திலும் பெரும்பாலும் சாயம் பூசியிருக்க மாட்டார்கள். அங்கேதான் மரத்தின் உண்மையான நிறம் தெரியும். நான்கு கால்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பலகைக்கு நல்ல மரமும் காலுக்கு வெளிர் மரமும் போடுவது புதிதல்ல. காலில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் வீட்டுக்குள் போடும் பெஞ்சுக்குப் பரவாயில்லை. வாசலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டாம்.

தேக்கு ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. பின்காடோ என்று இங்கே சொல்கிற மரம் ரயில் பாதைக்கும் பாலத்துக்கும் போட்டது. மண்ணையும் மழையையும் அது போலத் தாங்கும் மரங்கள் கொஞ்சம்தான். ஆனால் பயங்கரக் கனம். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். ஒரே இடத்தில் நிற்கப் போகிற தோட்டத்து பெஞ்சுக்கு அது பொருந்தும். தினமும் இழுத்துப் போட்டு உட்காரும் பெஞ்சுக்கு அதை வாங்கினால் இடுப்புதான் பிடிக்கும். பர்மியப் புத்தாண்டான திங்யான் சமயத்தில் மஞ்சளாகப் பூக்கும் பிடாவ் மரமும் கெட்டியானது, சிவந்த நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். அதிலும் வைரம், வெளிர் வித்தியாசம் உண்டு. கவிழ்த்துப் பார்க்கும் வேலை அதற்கும் சேர்த்துத்தான்.

காலை மண்ணில் நிறுத்துவது

அமரபுரத்தில் உள்ள ஊ பெயின் பாலத்துக்குப் போயிருப்பீர்கள். 1850 வாக்கில் கட்டிய தேக்குப் பாலம், சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், தண்ணீரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள். அந்தத் தேக்கிலேயே சில தூண்களை எடுத்துவிட்டு சிமெண்டுத் தூண் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில் முதலில் தளரும். பெஞ்சுக்கு அந்த இடம் காலின் கடைசி இரண்டு அங்குலம்.

மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். மண்ணிலோ புல்லிலோ நேராக நிறுத்திய பெஞ்சின் கால் மழைக்காலம் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்கும். கறையானுக்கும் அதுவே ஏறும் வழி. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு செங்கல்லோ சிமெண்டுக் கட்டையோ வையுங்கள். வாங்கி வந்த அன்றைக்கே பெஞ்சைக் கவிழ்த்து, கால்களின் வெட்டுமுகத்தில் எண்ணெயோ பெயிண்டோ ஊறும் வரை இரண்டு மூன்று முறை பூசுங்கள். பத்து நிமிட வேலை. பெஞ்சுக்கு இதைவிட நல்லது வேறு எதுவும் நீங்கள் செய்துவிட முடியாது.

காலுக்கு ரப்பர் தொப்பி மாட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் தரை கீறாமல் இருக்க அது நல்லதுதான். மழை படும் இடத்தில் அந்தத் தொப்பியே தண்ணீர்க் கிண்ணமாகிவிடும். இரும்புக் குழாய் பெஞ்சில் இன்னும் மோசம்: குழாய் உள்ளேயிருந்து துருப்பிடித்து வரும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், ஒருநாள் திடீரென்று கால் மடங்கும். வெளியில் போடும் இரும்பு பெஞ்சுக்குத் தொப்பியை எடுத்துவிடுங்கள், அல்லது அதன் அடியில் ஒரு துளை போடுங்கள்.

வெளியில் போடும் பெஞ்சுக்கு வீட்டு பாலிஷ்

மழையிலும் வெயிலிலும் கிடக்கும் பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குவது வீண் செலவு. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வார்னிஷ் நன்றாகப் பிடிக்காது. ஏப்ரல் வெயிலில் வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். தேக்கைச் சும்மா விட்டால் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். அது கேடு அல்ல. பழுப்பு நிறமே வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோ போட வேண்டும்.

இங்குள்ள பழைய மர மடங்கள் கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்போம். பூச்சி அண்டாமல் இருக்க நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைப் பூசிப் பூசி வந்த கறுப்பு அது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய எஞ்சின் ஆயிலை பெஞ்சுக்குப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவருக்கும் தூணுக்கும் சரி, உட்காரும் இடத்துக்குக் கூடாது. உடுத்தியிருக்கும் துணியும் போகும், தோலுக்கும் கெடுதல்.

இன்னொன்று, ஒரே அகலப் பலகை. பார்க்க கம்பீரமாக இருக்கும், மழைநீர் மேலேயே தேங்கும். வெளியில் போடுவதற்குச் சட்டங்களாக அடித்த பெஞ்சுதான் நல்லது. சட்டத்துக்குச் சட்டம் கால் அங்குல இடைவெளி இருக்கட்டும். சாதாரண இரும்பு ஆணி அடித்த பெஞ்சைத் தவிருங்கள். ஆணி துருப்பிடிக்கும், சுற்றியுள்ள மரம் கறுக்கும், தலை மேலே எழும்பி லுங்கியையும் புடவையையும் கிழிக்கும். துருப்பிடிக்காத திருகாணி கொஞ்சம் விலை கூடுதல்தான், இருந்தாலும் அதையே கேட்டு வாங்குங்கள்.

கோயிலிலும் மடத்து வாசலிலும் கொடுத்தவர் பெயரோடு நிற்கும் சிமெண்டு பெஞ்சு போல வீட்டுக்கும் ஒன்று போட நினைத்தால், நிழலான இடமாகப் பார்த்துப் போடுங்கள். ஏப்ரல் மதியம் வெயில் குடித்த சிமெண்டில் சாயங்காலம்கூட உட்கார முடியாது. நிழலில் பாசி பிடிக்கும். தேய்த்துக் கழுவும் வேலையையும் கணக்கில் வையுங்கள்.

மாடி வீட்டுக்கு அளவு பார்க்காமல் வாங்குவது

யாங்கோனில் நம்மில் பலர் இருப்பது 12½ அடி அகலம், 50 அடி நீளமுள்ள வீடுகளில். ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கடையில் ஆறடி பெஞ்சு சின்னதாகத்தான் தெரியும். படிக்கட்டு திரும்பும் இடத்தில்தான் அதன் நீளம் புரியும். வாங்கப் போகுமுன் படியின் அகலத்தையும் திருப்பத்தில் உள்ள இடத்தையும் வாசல் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றிப் பூட்டும் பெஞ்சு கிடைத்தால் மாடி வீட்டுக்கு அதுதான் உத்தமம். அகலத்தில் பெஞ்சுக்கு ஒன்றரை அடி போனால், அதன் எதிரே ஆள் நடக்க இரண்டரை அடியாவது மிஞ்ச வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: பால்கனிக் கம்பியை ஒட்டியும், கிராதி இல்லாத ஜன்னலுக்கு அடியிலும் பெஞ்சு போடாதீர்கள். காற்றுக்கு ஆசைப்பட்டு அங்கேதான் எல்லாரும் போடுகிறோம். மூன்றடி உயரக் கம்பி, ஒன்றரை அடி உயர பெஞ்சில் ஏறி நிற்கும் குழந்தைக்கு ஒன்றரை அடிதான். குழந்தை ஏறாது என்று சொல்லாதீர்கள், ஏறும். பெஞ்சைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், அதையும் கம்பியிலிருந்து தள்ளியே போடுங்கள். பேரக்குழந்தைகள் எப்போதாவது வந்து போகும் வீட்டுக்கும் இது பொருந்தும்.

சாப்பாட்டு மேசை பெஞ்சு

இங்கே அளவுதான் எல்லாம். மேசை 30 அங்குல உயரம் என்றால் பெஞ்சு 18 அங்குலம். நடுவே 12 அங்குலம் இருந்தால் தொடை இடிக்காது, கை வாய்க்குச் சரியாக வரும். தனித்தனியாக வாங்கும்போது இந்த இடைவெளி பெரும்பாலும் தப்பிப் போகிறது. ஆளுக்கு 22 அங்குலம் வையுங்கள். மூன்று பேருக்கு ஐந்தரை அடி. பெஞ்சு மேசைக்கால்களுக்கு நடுவே உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் சின்ன வீட்டில் எப்போதும் வழியில் நிற்கும். ஒரு அங்குலப் பலகையை ஐந்தடிக்கு இரண்டு காலில் மட்டும் நிறுத்தியிருந்தால் நாளடைவில் நடுவில் தொய்யும். அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் ஓடுகிறதா என்று பாருங்கள். மறுபடியும் குனிய வேண்டியதுதான்.

கால்கள் மிகவும் உள்ளே தள்ளியிருக்கும் பெஞ்சு ஆபத்து. ஒரு முனையில் இருப்பவர் எழுந்ததும் மறுமுனையில் இருப்பவரோடு பெஞ்சு கவிழும். காலுக்கு வெளியே பலகை எட்டு அங்குலத்துக்கு மேல் நீளாமல் இருக்கட்டும். கடையிலேயே ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்து சோதித்துவிடலாம்.

வயதானவர்களைச் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத பெஞ்சில் உட்காரவைப்பது நல்லதல்ல. கையை ஊன்றி எழ ஏதாவது வேண்டும். உயரமும் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பக்கவாட்டுக் கைப்பிடி உள்ள பெஞ்சில் முனை இடம் அவர்களுக்கு என்று வைத்துக்கொண்டால் போதும். நடுவில் உட்காரவைத்தால் ஒரு தடவை எழுவதற்கு வரிசை முழுவதும் எழ வேண்டும்.

வாசல் பெஞ்சும் பெட்டி பெஞ்சும்

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகும் ஊர் இது. வாசலில் உட்கார்ந்து கழற்ற ஒரு பெஞ்சு இருப்பது பெரிய வசதி. ஆனால் அடியில் மூடிய பெட்டி வைத்த பெஞ்சை வாங்கி ஈரச் செருப்பை உள்ளே போட்டால் பூஞ்சைதான் வளரும். வாசலுக்குத் திறந்த தட்டு உள்ளதாகப் பாருங்கள். உள்ளே துணிமணி வைக்கும் பெட்டி பெஞ்சு என்றால் பின்பக்கத்தில் காற்றுத் துளைகள் வேண்டும், பெஞ்சைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போட வேண்டும். மூடி தானாக விழாமல் பிடித்துக்கொள்ளும் கம்பி இல்லாத பெட்டியைக் குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது, விரல் நசுங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் இந்த வகை நிறைய வருகிறது. ஈரத்தில் அது ஊதும், திருகாணி பிடி விடும். வீட்டுக்குள் காய்ந்த இடத்துக்கு மட்டும் சரி.

மெத்தை போடுவதானால் கழற்றித் துவைக்கும் உறை இருக்கட்டும். ரெக்ஸின் மழைக்காலத்தில் ஒட்டும், சில வருடத்தில் உரியும். இலவம்பஞ்சு சுகமானது, ஆனால் வெயில் கிடைக்கும்போதெல்லாம் காயவைக்க வேண்டும்.

மூங்கில் பெஞ்சு மலிவு, காற்றோட்டம், உடம்புக்கு இதம். வெட்டியதும் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த மூங்கிலா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஊறவைத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து குறையும், வண்டு அவ்வளவாக வராது. அடியில் வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தால் அந்த பெஞ்சு வேண்டாம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வண்டு மற்ற மூங்கில் சாமான்களுக்கும் பரவும்.

பராமரிப்பை மழைக்கு நடுவில் செய்வதில் பயனில்லை. ஈர மரத்தில் எண்ணெய் இறங்காது. மழை விட்டு மரம் நன்றாகக் காய்ந்த டிசம்பர், ஜனவரி அதற்கு ஏற்ற காலம். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுக் காலின் அடியை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் அந்தப் பகுதி உளுத்துவிட்டது. அந்த அளவுக்கு நான்கு காலையும் ஒரே மாதிரி அறுத்து, புது வெட்டுமுகத்தில் எண்ணெய் பூசிவிடலாம். ஓர் அங்குலம் குறைந்தால் உட்காருவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. திருகாணிகளை முடுக்குங்கள். முடுக்கிய பிறகும் பெஞ்சு ஆடினால் பொருத்து விட்டிருக்கிறது. அதற்கு மேலே ஆணி அடிக்காதீர்கள். பொருத்துக்குள் இருக்கும் மரம் பிளந்துபோனால் ஆசாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பிளக்குமுன் கொடுத்தால் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டித் தருவார்.