தங்க வேட்டைக் கதையில் ஞாயிற்றுக்கிழமை எங்கே?

கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தை வைத்துக் கிறிஸ்தவ நாவல் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது பாட்டில்தான். 1849-இல் கூடாரத்துக்குள் நாலு பேர் கூடி, நாம் 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்று பாடுகிறோமே, அந்தப் பாட்டைப் பாடினால் கதை அங்கேயே படுத்துவிடும். அதன் ஆங்கில மூலம் எழுதப்பட்டதே 1855-இல். மெட்டு வந்தது 1868-இல். 'பிளவுண்ட மலையே'யின் மூலத்தைத் தாராளமாகப் பாடலாம். அது 1776-லேயே அச்சேறியது.

நாயகன் கிழக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்குவதும் (அந்தப் பாதை முடிந்தது 1869), டைனமைட் வைத்துப் பாறையைப் பிளப்பதும் (டைனமைட் வந்ததே 1867-இல்) இதே ரகம். ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

பெரிய தவறு வேறு. ஞாயிறு என்றாலே எல்லாரும் ஆராதனைக்குப் போவதாக எழுதிவிடுகிறார்கள். சுரங்க முகாம்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டை துவைக்க, மாவு வாங்க, வீட்டுக்குக் கடிதம் எழுத, சூதாட. 1849 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் நடுச்சதுக்கத்தில் பிரசங்கிக்க நின்ற மெதடிஸ்ட் போதகர் வில்லியம் டெய்லரைச் சுற்றி இருந்தவை சூதாட்ட விடுதிகள். முதலில் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். (பின்னாளில் சென்னைக்கும் வந்து ஊழியம் செய்தவர் இவரே.)

அடுத்தது, ஒரே பிரசங்கத்தில் குடிகாரன் அழுது மனந்திரும்புவது. எனக்கு இதில் நம்பிக்கையே வருவதில்லை. அன்று கடைகளில் தங்கத்தூளே காசு. ஒரு அவுன்ஸ் சுமார் 16 டாலர்; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிய ஒரு சிட்டிகை ஒரு டாலர். விரல் தடித்த கடைக்காரருக்கு லாபம். அப்படிப்பட்டவர் ஞாயிறு மனந்திரும்பினால், திங்களன்று தராசு வாங்குகிறாரா? எழுத வேண்டியது அந்தக் காட்சியை.

கடைசியாக, தங்கம் அரித்த அந்த ஆற்றங்கரை யாருடையது என்பதையே மறந்துவிடுவது. 1848-இல் ஏறத்தாழ 1,50,000 பேராக இருந்த அங்கத்திய பூர்வகுடிகள் 1870-க்குள் சுமார் 30,000 ஆனார்கள். 1850-இல் வந்த சட்டம் அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்க வழிசெய்தது. 1852-இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்கு மாதம் 3 டாலர் வரி போட்டார்கள். பெரும்பாலும் சீனர்கள் தலையில்தான் விழுந்தது. நாயகன் மாலை ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறான். வரி வசூலிப்பவன் பக்கத்துக் கூடாரத்துச் சீனரை வெளியே இழுக்கிறான். கண்ணை மூடிக்கொண்டே ஆமென் சொல்கிறானா, பாதியில் எழுந்து போகிறானா என்பதைச் சொல்லாமலே பலர் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.