கேர்னல் எல்லைகளை பூட் நேரத்திலேயே அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் லினக்ஸ் சேர்வர் வைத்திருப்பவர் பெரும்பாலும் தானாக றீபூட் செய்வதில்லை. கரண்ட் போகும், யூபிஎஸ் பற்றரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு மெஷின் படுத்துவிடும். கரண்ட் வந்து அது எழும்பும்போது, நீங்கள் எப்போதோ கொமாண்ட் அடித்துக் கூட்டி வைத்த கேர்னல் எல்லைகள் (எத்தனை ஃபைல் திறக்கலாம், எவ்வளவு நினைவகம் பிடிக்கலாம் என்று லினக்ஸின் உட்கரு வைக்கும் வரம்புகள்) ஒன்றும் இருக்காது. அவற்றை மாற்றும் சிஸ்கன்ட்ரோல் கொமாண்ட், ஓடிக்கொண்டிருக்கும் கேர்னலை மட்டும்தான் மாற்றும். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய மென்பொருள் கரண்ட் வந்த அடுத்த நாள் திணறினால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றம் நிலைக்க, சிஸ்கன்ட்ரோல்-டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் போட வேண்டும். பழைய சிஸ்கன்ட்ரோல்-கொன்ஃப் ஃபைலிலேயே எழுதிப் பழகியவர்கள் கவனியுங்கள்: டெபியன் 13 என்ற லினக்ஸ் பூட் ஆகும்போது, சேர்விஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி அதைப் படிப்பதில்லை. ஃபோல்டரில் உள்ளவை பெயர் வரிசையில் படிக்கப்படும். ஒரே எல்லை இரண்டு ஃபைலில் இருந்தால் பின்னால் வருவதுதான் நிற்கும். 10 என்று தொடங்கும் உங்கள் ஃபைலை 50 என்று தொடங்கும் இன்னொன்று சத்தமில்லாமல் மாற்றிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு வேறு. லொக்கில் ‘டூ மெனி ஓப்பின் ஃபைல்ஸ்’ என்று கண்டதும் ஓடிப்போய் ஃபைல்-மக்ஸைக் கூட்டுவது. அது திறந்திருக்கும் ஃபைல்களுக்கு முழு மெஷினுக்குமான எல்லை. அது நிரம்பினால் அதே வரியின் கடைசியில் ‘இன் சிஸ்டம்’ என்றும் வரும். அந்தச் சொல் இல்லையென்றால் முட்டி நிற்பது ஒரு புரொசெஸ் (ஓடும் புரோகிராம்) எத்தனை ஃபைல் திறக்கலாம் என்ற நோஃபைல் எல்லை. அதன் சொஃப்ட் அளவு, அதாவது நடைமுறையில் பிடிக்கும் அளவு, வழக்கமாக 1024. இரணைமடுக் குளம் வான் பாய்ந்தாலும் துருசு திறந்த அளவுதானே வாய்க்காலுக்கு வரும்?

சரி, நோஃபைலை எங்கே கூட்டுவது? லிமிட்ஸ்-கொன்ஃப் என்று பலரும் சொல்வார்கள். அது பாம் என்ற லொகின் சரிபார்ப்பு அமைப்பு வழியாக வேலை செய்வது, லொகின் செய்து உள்ளே வருபவர்களுக்கு மட்டும். பூட் ஆகும்போது சிஸ்டம்டி கிளப்பும் டேட்டாபேஸும் வெப் சேர்வரும் அந்த வழியால் வருவதில்லை. அவற்றுக்கு சேர்விஸ் ஃபைலில் ‘லிமிட்-நோஃபைல்’ வரி வேண்டும். டெர்மினலில் யூலிமிட் அடித்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது உங்கள் ஷெல்லின் எல்லையைத்தான் காட்டும். கேர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் புறொக் ஃபோல்டருக்குள் அந்த புரொசெஸின் எண்ணில் உள்ள ‘லிமிட்ஸ்’ ஃபைலைத் திறந்தால் உண்மை தெரியும்.

இதற்குள் ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. நோஃபைல் எல்லை, என்ஆர்-ஓப்பின் என்ற கேர்னல் எண்ணைத் தாண்ட முடியாது. கேர்னலில் அதன் இயல்பான அளவு 1048576. ஒருவர் கொமாண்டால் என்ஆர்-ஓப்பினை உயர்த்திவிட்டு, லிமிட்ஸ்-கொன்ஃபில் ரூட் உட்பட எல்லோருக்கும் 2000000 என்று எழுதுகிறார் என்று வையுங்கள். அன்றைக்கு எல்லாம் ஓடும். கரண்ட் போய் வந்ததும் என்ஆர்-ஓப்பின் பழைய எண்ணுக்கு இறங்கிவிடும், ஃபைலில் எழுதியது அப்படியே இருக்கும். விளைவு, ரூட்டும் உள்ளே போக முடியாது. பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருக்கும், பாம் கதவை மூடிவிடும்.

ஃபயர்வோல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கொன்ட்ராக் (ஃபயர்வோல் கவனித்து வைக்கும் தொடர்புகளின் பட்டியல்) எல்லையை ஃபைலில் எழுதியும் பூட் ஆகும்போது பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் அந்த நேரத்தில் அதற்கான மொடியூலே, அதாவது கேர்னலில் சேரும் துண்டே, ஏறியிருக்காது. மொடியூல்ஸ்-லோட்-டி ஃபோல்டரில் அதன் பெயரை எழுதி முன்கூட்டியே ஏற்றுங்கள்.

அடுத்தது, பெரிய மெஷினுக்கு யாரோ எழுதிய எண்களை அப்படியே ஒட்டுவது. ஹியூஜ்பேஜஸ் (நினைவகத்தைப் பெரிய பக்கங்களாக ஒதுக்குவது) 4096 என்பது 64 ஜிபி றாமில் சின்ன விஷயம். ஒரு பக்கம் 2 எம்பி, ஆக மொத்தம் 8 ஜிபி. உங்கள் கிளை அலுவலக மெஷினில் இருப்பதே 8 ஜிபி என்றால், பூட் ஆகும்போதே மூச்சு முட்டும். மற்ற எல்லைகள் பெரும்பாலும் ‘இதுவரை போகலாம்’ என்பவை. ஹியூஜ்பேஜஸ் அப்படியல்ல, சொன்ன நிமிடமே நினைவகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேர்னல் 5.8 முதல் சிஸ்கன்ட்ரோல் எண்களை பூட் வரியிலேயே (கேர்னலை எழுப்பும்போது கொடுக்கும் வரி) கொடுக்கலாம். வசதிதான். ஆனால் அந்த வரியைக் கொடுத்து கேர்னலை எழுப்பும் க்ரப்பின் ஃபைலைத் திருத்திவிட்டு ‘அப்டேட்-க்ரப்’ அடிக்காமல் விடுபவர்கள் ஏராளம். அடிக்காவிட்டால் ஒன்றும் மாறாது.

எதை மாற்றினாலும், மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே ஒருமுறை றீபூட் செய்து பாருங்கள். வவுனியாவில் இருந்துகொண்டு முல்லைத்தீவு மெஷினில் இந்த விளையாட்டு வேண்டாம், மாங்குளத்தில் திரும்பி அவ்வளவு தூரம் போக வேண்டிவரும். க்ரப் மெனுவை மறைத்து வைக்காமல் 5 செக்கன் காட்டும்படியும் விடுங்கள். அப்போதுதான் அங்கே இருக்கும் ஒருவர், நீங்கள் போனில் சொல்லச் சொல்ல, ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தி பூட் வரியில் உள்ள தவறான எண்ணை அழிக்கலாம். பிழை சிஸ்கன்ட்ரோல்-டி ஃபைலில் என்றால், அதே வரியில் சிஸ்டம்டி-சிஸ்கன்ட்ரோல் சேர்விஸை மாஸ்க் செய்யச் சொல்லி, அதாவது ஓடாமல் தடுத்து, மெஷினை எழுப்பிவிடலாம்.