துணிக்குத் தண்ணி காட்டாமல் கத்திரி வைக்காதீர்கள்

போன மாதம் குன்னூரில் புதிதாகக் கடை போட்ட ஒரு தங்கச்சி, "வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட்டாள். போனால், மேஜை மேல் கைத்தறிப் பருத்தி, கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகாமல். பக்கத்தில் கத்திரியோடு மாஸ்டர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கோத்தகிரியில் நான் கடை திறந்த முதல் வருடம் செய்த அதே வேலை.

வாடகை, கணக்கு, போட்டோ பற்றியெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் இதைச் சொல்கிறேன்.

நனைக்காமல் வெட்டுவது

அந்த முதல் வருடம் 22 குர்தா தைத்தேன். கழுத்துப் பட்டிக்கு, நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பூவேலை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. வரைபடம் எதுவும் இல்லாமல் பெண்கள் இழை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் போடுவது. பட்டி ஏற்கெனவே நனைத்துக் காய்ந்த துணி. குர்தா நனைக்காத துணி. முதல் சலவையிலேயே 44 இஞ்ச் உயரம் 42-க்கு வந்தது, பட்டி மட்டும் சுருங்காமல் பொரித்த அப்பளம் போல மேலே எழும்பி நின்றது. பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. துணிக்காசு போனதுகூடப் பரவாயில்லை. ஒருத்தர் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்ட பூவேலையைப் பிரித்தெடுத்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

ஈரோட்டுப் பக்கத்து நெசவாளரிடம் சண்டைக்குப் போனேன். "தண்ணி காட்டினீங்களாம்மா?" என்றார். இல்லை. அதனால்தான் துணி எனக்குத் தண்ணி காட்டியது.

பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், கஞ்சி போட்டு, தறியில் இழுத்துக் கட்டியே நெய்யப்படுகிறது. ஈரம் பட்டதும் அந்த இழுப்பு தளர்ந்து நூல் தன் நிலைக்குத் திரும்பும். துணியின் தப்பில்லை அது.

இப்போது நான் செய்வது: துணி மூலையில் கலர் நூலால் 50 சென்டிமீட்டர் சதுரம் தைத்துக்கொள்வேன். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, காலையில் பிழியாமல் நிழலில் உலர்த்தி மறுபடி அளப்பேன். 47.5 வந்தால் நூற்றுக்கு 5 சுருக்கம். பிறகு இன்னொரு முறை நனைப்பேன், இரண்டாம் தடவையும் கொஞ்சம் இறங்கும். பாவு மாறினால் அளவும் மாறும், போன தடவைக் கணக்கை நம்பாதீர்கள். லைனிங்கையும் நனையுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள்.

"கஞ்சி போனா புதுசு மாதிரி இருக்காதேக்கா?" என்றாள் தங்கச்சி. இருக்காதுதான். ஸ்லோ ஃபேஷன், அவசரமில்லாமல் செய்த உடை என்று போர்டு எழுதிவிட்டு இரண்டு நாள் பொறுக்க முடியாதா?

இரண்டு நாள் என்பதும் கீழ்நாட்டுக் கணக்கு. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாக அடிக்கும். நவம்பரில் ஒரு துணி காய நாலு நாள்கூட ஆகும். தீபாவளி ஆர்டருக்கு ஆகஸ்டிலேயே நனைத்து வையுங்கள்.

அலமாரி

சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பூஞ்சை.

மஞ்சள் சாயம்

மஞ்சள் கிழங்கில் தோய்த்தது வெயிலில் வெளுக்கும். ஜன்னல் பொம்மைக்கு அதைப் போட்டால் ஒரு தோள் மட்டும் வெளுத்துப்போகும். வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மே மாதத் தள்ளுபடி

ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைப் பார்த்து விலையைக் குறைக்காதீர்கள். அவர்கள் குளிருக்குச் சால்வை தேடி வருகிறவர்கள், குர்தாவுக்கு இல்லை.