ஃபிரேம்வொர்க்கின் மின்செலவை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து, எண்ணூர் மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு மின்சாரம் சுவிட்சோடு முடிகிற விஷயம் இல்லை. அதனால் இணையதளம் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளில் (ஆயத்த நிரல் சட்டகங்களில்) ஜாங்கோவா, எக்ஸ்பிரஸா, ஸ்பிரிங் பூட்டா, எது குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்று யாராவது கேட்டால் உடனே அளக்க உட்கார்ந்துவிடுவேன்.

பலரும் வாட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறார்கள். ஒன்று 60 வாட் இழுத்து 10 நொடியில் வேலையை முடிக்கிறது: வாட்டை நொடியால் பெருக்கினால் 600 ஜூல், அதுதான் செலவான மொத்த ஆற்றல். இன்னொன்று 30 வாட்டில் 40 நொடி ஓடுகிறது: 1,200 ஜூல். மீட்டரில் குறைவாகக் காட்டியதுதான் இரண்டு மடங்கு செலவழித்திருக்கிறது. ஒரு ரிக்வெஸ்டுக்கு, அதாவது பயனர் ஒரு முறை பக்கம் கேட்பதற்கு, எத்தனை ஜூல் என்று பாருங்கள். சர்வர் சும்மா இருக்கும்போது இழுப்பதையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, நிரல்மொழிப் பட்டியலை வைத்து ஃபிரேம்வொர்க்கைத் தீர்மானிப்பது. 2017-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 27 மொழிகளின் மின்செலவை ஒப்பிட்டார்கள். சி மொழியின் செலவை 1 என்று வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.5. டைப்ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்டாக மாறித்தானே ஓடுகிறது! வித்தியாசம் மொழியில் இல்லை, சோதனைக்கு எழுதிய நிரல்களில் இருந்தது. அவையும் சின்னச் சின்னக் கணக்கு நிரல்கள்தான், டேட்டாபேஸ் பக்கமே போகாதவை.

ஜாங்கோவை டிபக் மோடில் (பிழை தேடும் நிலையில்) விட்டு அளந்து, ஒரு நாள் எடுத்த எண்கள் முழுவதையும் நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். அந்த மோடில் அது டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியையும் நினைவகத்தில் சேர்த்துவைக்கும். ஸ்பிரிங் பூட் ஓடும் ஜாவாவுக்கு வேறு கவனம் வேண்டும். அது ஓடி ஓடித்தான் வேகம் பிடிக்கும், முதல் சில நிமிடக் கணக்கை விட்டுவிடுங்கள். தண்டையார்பேட்டை மாடி அறையில், மே மாதத்தில், ஒன்றைக் காலையிலும் மற்றதை மதியத்திலும் ஓட்டினாலும் ஒப்பீடு கெட்டுப்போகும். சிப் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இரண்டு பக்கமும் ஒரே வேலை நடக்கிறதா என்று பார்க்காதது. 100 பதிவுகளை எழுதியவர் பெயரோடு காட்ட ஒரு நிரல் டேட்டாபேஸை 101 முறை கேட்கும், இன்னொன்று 2 முறையில் முடிக்கும். பழி ஃபிரேம்வொர்க் மேல் விழும், குற்றம் எழுதிய கையில் இருக்கும். எதை வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். இன்டெல் சிப்புக்குள்ளேயே இருக்கும் ராப்ல் என்ற மின் அளவி சிபியுவையும் நினைவகத்தையும்தான் அளக்கும். மின்விசிறியும் டிஸ்க்கும் அதில் வராது. சுவர் பிளக்கில் மீட்டர் மாட்டுங்கள். டேட்டாபேஸ் வேறு கணினியில் இருந்தால் அதற்கும் ஒன்று.