அரையாண்டு விடுமுறையில் நெய் பிஸ்கட்: வகுப்புக்கே கொண்டுபோக 40 துண்டுகள்

முதன்முதலாக பேக்கிங் செய்பவர்கள் கேக்கில் தொடங்க வேண்டாம். கேக் நடுவில் அமுங்கினால் மொத்தமும் போச்சு. நெய் பிஸ்கட் அப்படியில்லை. ஒரு தட்டு கெட்டாலும் மீதி மாவு கையில் இருக்கும், அடுத்த தட்டில் திருத்திக்கொள்ளலாம். முட்டை கிடையாது, அதனால் வகுப்பில் பெரும்பாலானவர்கள் சாப்பிடலாம். பத்து நாள் வரை கெடாது. தூத்துக்குடி மக்ரூன் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, காற்றின் ஈரம் மூன்றையும் சமாளிக்க வேண்டிய வேலை அது. இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்.

தேவையானவை: மைதா 250 கிராம், கடலை மாவு 40 கிராம், சன்ன ரவை 20 கிராம், சர்க்கரை 125 கிராம், நெய் 165 கிராம், ஏலக்காய் 4, சமையல் சோடா தலைதட்டிக் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. எடைக்கருவி இல்லையென்றால் 250 மில்லி கப்பால் மைதா 2 கப், கடலை மாவு 5 மேசைக்கரண்டி, ரவை 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை 1 கப், நெய் முக்கால் கப். மைதாவைக் கப்பில் அமுக்கி நிரப்பாதீர்கள். ஒரே கப்பில் 30 கிராம் வரை கூடிவிடும், பிஸ்கட் வறண்டு உதிரும்.

நெய்யின் பதம்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. நெய் உருகியும் இருக்கக்கூடாது, கல்லாக உறைந்தும் இருக்கக்கூடாது. விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் வழியக்கூடாது. மார்கழிக் குளிரில் அறையில் வைத்த நெய்யே பெரும்பாலும் இந்தப் பதத்தில் இருக்கும். சென்னை போன்ற ஊர்களில் உருகியிருந்தால் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். உருகிய நெய்யில் பிசைந்த பிஸ்கட் அடுப்பில் போனதும் வடை போலப் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர்கள் சோடா கூடிவிட்டது என்பார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது நெய்யை.

மாவு தயாரிப்பு

1. கடலை மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் 3, 4 நிமிடம் வறுங்கள். வாசனை வந்ததும் இறக்கி முழுதாக ஆறவிடுங்கள். வறுக்காமல் போட்டால் பச்சை வாசனை கடைசிவரை நிற்கும். சூடாகப் போட்டால் நெய் உருகிவிடும்.

2. சர்க்கரையையும் ஏலக்காயையும் மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலியுங்கள். குருணை தங்கினால் அடுப்பில் அது உருகி ஓடி, பிஸ்கட் விளிம்பில் கருகிய புள்ளிகளாக நிற்கும்.

3. நெய்யையும் சர்க்கரைப் பொடியையும் கை விஸ்க்கால் 4 நிமிடம் அடியுங்கள். நிறம் வெளுத்து க்ரீம் போல ஆனால் போதும். மேலும் அடித்தால் காற்று அதிகமாகி, சுட்டபின் தொட்டாலே உடையும்.

4. மைதா, கடலை மாவு, சோடா, உப்பு நான்கையும் இரண்டு முறை சேர்த்துச் சலித்து, ரவையோடு நெய்க் கலவையில் கொட்டுங்கள். சலிப்பதைத் தவிர்த்தால் சோடா ஒரே இடத்தில் தங்கி, ஒரு பிஸ்கட் மட்டும் சோப்புபோலக் கசக்கும்.

5. விரல் நுனியால் திரட்டுங்கள். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை எழும்பி பிஸ்கட் கடினமாகும். கைப்பிடியில் பிடித்தால் விரிசல் இல்லாமல் நிற்க வேண்டும். உதிர்ந்தால் ஒரு டீஸ்பூன் நெய். ஒட்டினால் மைதா சேர்க்காமல் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரும் பாலும் எந்த நிலையிலும் வேண்டாம்.

15 கிராம் உருண்டைகளாக உருட்டி லேசாகத் தட்டுங்கள். மெல்லியதாகத் தட்டினால் விளிம்பு கருகும், ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். தட்டில் பட்டர் பேப்பர் போட்டு இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். முதலில் இரண்டே இரண்டு சுட்டுப் பாருங்கள். பரந்துபோனால் மீதி உருண்டைகளை 20 நிமிடம் குளிரவைத்தாலே சரியாகிவிடும்.

சுடுவது

சூடான தட்டை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், உலர்ந்த கனமான கையுறை வேண்டும். ஈரத்துணியில் சூடு சட்டென்று ஏறும்.

ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) என்றால் 160 டிகிரியில் 10 நிமிடம் முன்சூடு, மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, நடுத்தட்டில் 16 முதல் 18 நிமிடம். சிறிய ஓ.டி.ஜி.களில் காட்டும் அளவுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் வரலாம். அதனால் 14ஆம் நிமிடத்திலிருந்து கண் வையுங்கள். மைக்ரோவேவில் கன்வெக்ஷன் (சூடான காற்றைச் சுழற்றிச் சுடும்) வசதி இருந்தால் மட்டுமே முடியும்.

குக்கர் என்றால் அடியில் ஒன்றரை கப் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி நடுத்தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். தட்டை வைத்தபின் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம். நான்ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமையாகக் காயவைக்கக்கூடாது, பூச்சு கெடும். மேல்பக்கம் சிவக்காது, அது குக்கரின் இயல்பு.

வெந்த அடையாளம் இதுதான்: அடிப்பக்க விளிம்பு இளம்பொன் நிறம், மேலே லேசான வெடிப்பு. தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி உள்ளே தள்ளுவதுதான் புதியவர்கள் பிஸ்கட்டைக் கல்லாக்கும் வழி. தட்டிலேயே 10 நிமிடம் விட்டால் தானாக இறுகும். அதற்குமுன் எடுத்தால் உடையும்.

வகுப்புக்குக் கொண்டுபோக

வீட்டுப் பண்டம் கொண்டுவரலாமா என்று வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், சில பள்ளிகளில் அனுமதி இல்லை. முந்திரி, பாதாம் ஒவ்வாதவர்கள் இருக்கலாம், மேலே எதையும் பதிக்காதீர்கள். அலங்காரம் வேண்டுமென்றால் டூட்டி ஃப்ரூட்டி போதும். கோதுமை, பால் ஒவ்வாதவர்களுக்கு இந்தப் பிஸ்கட் ஆகாது. டப்பா மூடியில் "மைதா, ரவை, கடலை மாவு, நெய், சர்க்கரை, ஏலக்காய் உள்ளது, முட்டை இல்லை" என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

மேற்கண்ட அளவில் 40 வரும், பாத்திரத்தில் ஒட்டுவதும் உடைவதும் போக 37, 38 மிஞ்சும். வகுப்பில் 40 பேர் என்றால் ஒன்றரை மடங்கு செய்யுங்கள். எண்ணிக்கை குறைந்துபோய் கடைசி பெஞ்ச் வெறுங்கையாக உட்காருவது நன்றாக இருக்காது.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் சுடுவது வசதி. ஒரு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே அடுக்குங்கள். இளஞ்சூட்டில் மூடினால் ஆவி படிந்து மறுநாளே நமுத்துப்போகும். அகலமான டப்பாவில் அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர், மேலே மிஞ்சும் இடத்தில் கசக்கிய பேப்பர். டப்பாவைப் புத்தகப் பைக்குள் திணிக்காமல் தனித் துணிப்பையில் நிமிர்த்தி எடுத்துப்போங்கள். நமுத்துவிட்டால் 150 டிகிரியில் 5 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.