வேலைநிறுத்தத்தில் இறங்கும் ஆசிரியர்கள் செய்யக் கூடாத தவறுகள்

‘சங்கம் அறிவித்துவிட்டது, இனி பயமில்லை’ என்று நினைப்பதுதான் முதல் தவறு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973இல் 22ஆம் விதி வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. 2003 ஜூலையில் டெஸ்மா என்ற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்து சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்பும், இனி 22ஆம் விதிப்படி நடப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகே பெரும்பாலோர் மறுபடி பணிக்கு வர முடிந்தது. சங்கத்தின் அறிவிப்பால் கோரிக்கைக்குப் பலம் கூடும். குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்கும் குறிப்பாணை வரும்போது அதில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது விடுப்பில். வேலைநிறுத்தத் தேதி நெருங்கியதும் மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிடும்: தற்செயல் விடுப்பு கிடையாது, மருத்துவ விடுப்பு கேட்பவர் மருத்துவக் குழு முன் ஆஜராக வேண்டும், வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு கணக்கில் இருக்கிறதே என்று விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அனுமதி இல்லாதவரை அது வெறும் தாள்தான். இதைவிட மோசமானது தெரிந்த டாக்டரிடம் வாங்கும் காய்ச்சல் சான்றிதழ். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை நடந்த ஜாக்டோ-ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தத்துக்காக எடுத்த நடவடிக்கைகள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. வேலைநிறுத்தம் செய்த குற்றத்தை ஓர் அரசு எடுத்தால் இன்னொரு அரசு விடும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தது தனிக் குற்றச்சாட்டு, அதற்காக எந்தச் சங்கமும் பேச்சுவார்த்தையில் உட்காராது. போவதென்று முடிவெடுத்தால் வெளிப்படையாக வராமல் இருப்பதே நல்லது.

காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆர்ப்பாட்டத்துக்குக் கிளம்புவதும், திரும்பி வந்து காலிக் கட்டங்களை நிரப்புவதும் இதே வகைதான். வராதவர் பட்டியல் அன்று காலையே வட்டாரக் கல்வி அலுவலகம் போய்ச் சேர்ந்திருக்கும். பதிவேடும் பட்டியலும் முரண்பட்டால், கையெழுத்துப் போட விட்ட தலைமையாசிரியரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

ஈராசிரியர் பள்ளியில் சாவி பெரிய விஷயம். இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் காலை உணவுக்கு எட்டு மணிக்கே வரும் பிள்ளைகள் பூட்டிய கதவின் முன் நிற்பார்கள். பெற்றோரின் ஆதரவு அந்த இடத்திலேயே போய்விடும். முதல் நாள் மாலையே சாவியை வட்டாரக் கல்வி அலுவலரிடமோ, அவர் சொல்பவரிடமோ கொடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒப்புகை வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மறியலில் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டுவிடுவார்கள் என்பது பழைய அனுபவம். அதை நம்பி முன்வரிசையில் உட்காருபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019இல் பலர் சிறைக்கே அனுப்பப்பட்டார்கள். காவல் 48 மணி நேரத்தைத் தாண்டினால் தனி ஆணையே வேண்டாம், ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(இ) பிரிவின்படி தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். பிறகு பிழைப்பூதியம்தான், முதல் ஆறு மாதம் ஏறக்குறையப் பாதிச் சம்பளம். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் முன்வரிசைக்குப் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வராத நாள்கள் அந்தப் பருவத்தில் சேராது.

சம்பளக் கணக்கை வேலை நாள்களுக்கு மட்டும் போடாதீர்கள். வெள்ளியும் திங்களும் வராமல் இருந்தால் நடுவில் உள்ள சனி, ஞாயிறும் பிடித்தத்தில் சேரலாம். மாதக் கடைசியில் நடந்தால் சம்பளப் பட்டியல் ஏற்கெனவே போயிருக்கும், அடுத்த மாதம் மொத்தமாகப் பிடிப்பார்கள். சிக்கன நாணயச் சங்கக் கடனும் வங்கித் தவணையும் அதற்காகக் காத்திராது.

பணிக்குத் திரும்பும் நாளில் நேராக வகுப்புக்குப் போய்விடாதீர்கள். தேதி, முற்பகலா பிற்பகலா என்ற குறிப்போடு பணியேற்புக் கடிதம் இரண்டு படி எழுதி, ஒன்றில் ஒப்புகை பெறுங்கள். 2019இல் கெடுவுக்குள் வராதவர்களின் இடங்கள் காலியாகக் கருதப்படும் என்று அறிவித்து, தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கவும் அரசு இறங்கியது. எந்த நாள், எந்த வேளை வந்தோம் என்பதே அப்போது கேள்வியாக இருந்தது.

அதே ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பெரிய தண்டனைக்கான 17(பி) குறிப்பாணை வந்தால் வாங்க மறுப்பதில் லாபமில்லை. பதிவுத் தபாலில் வரும், இல்லாவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், உங்களிடம் சேர்த்ததாகவே கணக்கு. வாங்கிய தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலை முதலில் எழுத்தில் கேளுங்கள், அவகாசம் வேண்டுமென்றால் கெடு முடியும் முன்பே கேளுங்கள். சங்கம் தரும் மாதிரிப் பதிலை அப்படியே அனுப்புபவர்கள் உண்டு. பெயர் எழுத விட்ட கோடு நிரப்பப்படாமல், வராத தேதிகள் குறிப்பாணையோடு ஒத்துப்போகாமல் போன பதில்கள் எத்தனையோ. அரசு நடவடிக்கையைக் கைவிட்டதாகச் செய்தி வந்ததும் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. உங்கள் பெயரில் தனி ஆணை வந்து, பணிப் பதிவேட்டில் பதிவாகும் வரை குற்றச்சாட்டு நிலுவையில்தான் இருக்கிறது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போதோ ஓய்வுபெறும் மாதத்திலோ அது தலைகாட்டினால், அந்த ஆணையின் நகலைத்தான் கேட்பார்கள்.