இதய நோய் உள்ள பூனைக்கு "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தான். அவனுடைய பூனைக்கு மூன்று வயது. இதயச் சுவர் தடித்திருக்கிறது என்று தெரிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முன்னங்காலில் ஊசி, மேலே தொங்கும் பாட்டில். "ரெண்டு நாளா சாப்பிடலைக்கா. குளுக்கோஸ் ஏத்தச் சொல்லிட்டேன். இப்போ தெம்பாயிடும்ல?"

பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஐந்து வருடத்துக்கு முன் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொன்னவள் நான்.

என் பூனை பூசணி. பேருக்கு ஏற்ற நிறம், பேருக்கு ஏற்ற உடம்பு. ஆறு வயதில் எச்.சி.எம். என்று சொன்னார்கள். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்து, விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் இறுகிப்போகும் நோய். பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் இதுதான் அதிகம். அதற்கப்புறமும் மூன்று வருடம் என்னை அதட்டிக்கொண்டு வாழ்ந்தான். இந்த நோயுள்ள பூனையை வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளை இங்கே சொல்கிறேன். பாராசிட்டமால் கொடுக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நாட்டுப் பூனைக்கெல்லாம் வராது"

வரும். மெய்ன் கூன் பூனைகளில் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2005-ல் கண்டுபிடித்ததால், இது விலை உயர்ந்த பூனைகளின் நோய் என்று ஒரு பேச்சு. லண்டன் பக்கத்துக் காப்பகங்களில் ஆரோக்கியமாகத் தெரிந்த 780 பூனைகளை ஸ்கேன் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 15 சதவீதத்துக்கு இந்த நோய் இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஸ்டெத்தில் 'மர்மர்' (இதயத் துடிப்போடு வரும் இரைச்சல்) கேட்ட பல பூனைகளுக்கு நோய் இல்லை, நோய் இருந்த சிலவற்றுக்கு மர்மரே இல்லை. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் காதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

வயதான பூனை என்றால் தைராய்டும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுமே இதயச் சுவரைத் தடிக்க வைக்கும்.

மூச்சைத் தப்பாக எண்ணுவது

நன்றாகத் தூங்கும்போது எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருந்தால் சரி. மேலே போனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டருக்கு போன். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், கிளம்புங்கள்.

ஒரு அம்மா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அழைத்து "120 வருதும்மா" என்று அழுதார். பூனை மடியில் படுத்து குர்குர் என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. குர்குர் போடும்போது எண்ணினால் கணக்கு வராது. மீசை துடிக்கக் கனவு காணும்போதும் வராது.

இருமலுக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. நாய்க்கு இதயம் தளர்ந்தால் இருமும். பூனை பெரும்பாலும் இருமாது. கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

"சாப்பிடலையா? ஒரு பாட்டில் ஏத்துங்க"

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசணி முந்தின நாளிலிருந்து தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை. திறந்திருந்த ஒரு கிளினிக்குக் கொண்டு போனேன். எக்கோ ரிப்போர்ட் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. "வேற ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டார்கள். "ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறான், அது கன்ட்ரோல்ல இருக்கு" என்று நானே அதை ஒன்றுமில்லாததாக்கிவிட்டேன். அப்புறம் கேட்டதும் நான்தான். "ஒரு பாட்டில் ஏத்திடுங்களேன் டாக்டர், தெம்பு வரட்டும்."

நமக்கு இது ஊறிப்போன பழக்கம். காய்ச்சல் என்றால் ஊசி, அசதி என்றால் குளுக்கோஸ். பாட்டில் சொட்டுவதைப் பார்த்தால்தான் வைத்தியம் நடக்கிறது என்று மனசு ஆறுகிறது. அவனுக்கு ஒரு மணி நேரத்தில் 150 மில்லி ஏறியது. நானும் சொட்டுகளைப் பார்த்து ஆறுதலாக உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலரைக் கிலோ பூனையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான் இருக்கும். ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒரு ஆளுக்கு ஒரே மணி நேரத்தில் மூன்று லிட்டர் ஏற்றினால் எப்படியோ அப்படி. நல்ல இதயமே திணறும். இறுகிப்போன கீழறையால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. உள்ளே போக வழியில்லாத ரத்தம் மேலறையில் தேங்கி, அங்கிருந்து பின்னோக்கி நுரையீரலில் அழுத்தி, நீர் அங்கே கசிகிறது. இத்தனைக்கும் உடம்பில் நீர் சேரக்கூடாது என்று அவனுக்குத் தினமும் லாசிக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே குடம் குடமாக உள்ளே ஊற்றிய கதை.

இரவு பதினொரு மணிக்குக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தேன். முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே இழுத்தது. மூச்சு நிமிடத்துக்கு 68. இரண்டு ராத்திரி ஆக்சிஜன் கூண்டு, லாசிக்ஸ் ஊசி, 11,000 ரூபாய். பிழைத்தான்.

சாப்பிடாததற்குக் காரணம் என்ன தெரியுமா? கடைவாய்ப் பல். ஈறு வீங்கியிருந்தது. என் டாக்டர் திங்கட்கிழமை வாயைத் திறந்து பார்த்ததும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் "ஏன் சாப்பிடலை?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டது "எதை ஏத்தலாம்?" என்று. பல்லாக இருக்கலாம், லாசிக்ஸால் பொட்டாசியம் இறங்கியிருக்கலாம், சிறுநீரகமாக இருக்கலாம், இதயமே மறுபடி தளர ஆரம்பித்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

இதய நோய்ப் பூனைக்கு டிரிப்ஸே கூடாது என்று சொல்லவில்லை. நிஜமாகவே உடம்பு வறண்டிருந்தால், இதயத்தின் நிலை தெரிந்த டாக்டர், மெதுவாக, கொஞ்சமாக, மூச்சை எண்ணிக்கொண்டே ஏற்றுவார். தோலுக்கடியில் ஏற்றுவதற்கும் இது பொருந்தும். அரிப்புக்குப் போடும் நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசியும் சில பூனைகளை இதே இடத்தில் கொண்டு நிறுத்தியிருக்கிறது. அதனால் எந்தக் கிளினிக்குள் நுழைந்தாலும் முதல் வாக்கியம் "இதுக்கு எச்.சி.எம். இருக்கு" என்பதாக இருக்கட்டும். 'கன்ட்ரோல்' என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எக்கோ ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்தப் பையனுக்கு உடனே போன் போட்டேன். 60 மில்லியோடு நிறுத்தினார்கள். அன்று இரவு மூச்சு 36, மருந்துக்கு அப்புறம் காலையில் 26.

நன்றாக இருக்கிறான் என்று லாசிக்ஸை நிறுத்துவது

நன்றாக இருப்பதே அதனால்தான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக நிறுத்துவதும் இதே தவறு. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. தண்ணீர்க் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைப்பது உங்கள் வேலை. மாத்திரைக்கு அப்புறம் அடிக்கடி மூத்திரம் போகும். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கருவாடு

உப்பு. வேண்டாம்.

கசப்பு மாத்திரையைச் சோற்றில் பிசைவது

ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் க்ளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் மாத்திரையில் பூனைக்குக் கால் பங்கு. வெட்டிய பக்கம் நாக்கில் பட்டால் வாயெல்லாம் நுரை தள்ளும். சோற்றில் பிசைந்தால் அடுத்த வாரம் முழுக்க அந்தச் சோற்றையே தொடாது. காலி ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டுக் கொடுங்கள். பின்னாலேயே கொஞ்சம் தண்ணீரோ குழைவான பூனை உணவோ போகட்டும், தொண்டையில் ஒட்டாது.

பின்னங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது

திடீரென்று அலறிக்கொண்டு பின்னங்கால்களை இழுத்தால் அது சுளுக்கில்லை. மேலறையில் உருவான ரத்தக்கட்டி, பெரிய தமனி இரண்டு கால்களுக்கும் பிரியும் இடத்தில் போய் அடைத்துக்கொண்டிருக்கலாம். பாதம் சில்லிட்டிருக்கும், ரோஸ் நிறப் பாதமாக இருந்தால் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரியும். தேய்க்காதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள். தாங்க முடியாத வலி அது. நேராக ஆஸ்பத்திரி.

கூடையைப் பரண்மேல் வைத்திருப்பது

மூச்சுத் திணறும் பூனையைத் துரத்திப் பிடித்துக் கூடையில் திணிக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே அதன் கதை முடிந்துவிடலாம். கூடை வருடம் முழுக்க வீட்டில் திறந்து கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஹால் மூலையில், உள்ளே ஒரு பழைய லுங்கி போட்டு வைத்திருக்கிறேன். பூசணி போன பிறகும் எடுக்கவில்லை. இப்போது சுண்டல் அதில்தான் தூங்குகிறாள். இன்று மத்தியானம் 22.